சித்ரலேகா மேடம் மாற்றிச் சொன்ன பதில்

இன்று நான் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? நம்ம பாளையங்கோட்டையில் தொண்ணூறுகளிலேயே ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்த பேராசிரியை சித்ரலேகா மேடத்தை! நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் இருக்கிறார். எழுபத்திநாலு வயது. குரல் இன்னும் வகுப்பின் கடைசி பெஞ்சு வரைக்கும் போகிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு ஜப்பானிய மொழியை எப்படிப் பிடித்தார் என்று கேட்கத்தான் போனேன். அதை அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். அப்புறம் இரண்டரை மணி நேரம், தான் செய்த ஒரு தப்பைப் பற்றியே பேசினார். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. என் பேரை மாத்தக் கூடாது. அந்தப் பிள்ள பேரை மட்டும் மாத்திருங்க" என்றார்.

அதனால் இதில் வரும் கலையரசி, உண்மையில் கலையரசி இல்லை. அவள் அம்மா பெயரையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் மேடம் சொன்னபடியே.

சித்ரலேகா பிறந்தது திருநெல்வேலி டவுணில், ரதவீதியை ஒட்டிய ஒரு சைவக் குடும்பத்தில். ஒரு காலத்தில் நிலபுலன் இருந்த வீடு. அப்பா தலைமுறையிலேயே எல்லோரும் உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். அவரும் எம்.எட். முடித்து, பாளையங்கோட்டையில் ஒரு கல்வியியல் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். அவருக்குக் கிடைத்தது யாரும் சீந்தாத பாடம், ஒப்பீட்டுக் கல்வி. எந்த நாட்டில் எப்படிப் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள், அதில் நமக்கு எது ஒத்துவரும் என்று பார்க்கும் பாடம். இங்கிலாந்தையும் ரஷ்யாவையும் புத்தகத்தில் படித்துப் பாடம் நடத்தி அலுத்துப்போனவர், ஆசிரியர்களுக்கு ஜப்பான் அரசு கொடுக்கும் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டார். 1988-ல் கிடைத்துவிட்டது! கணவர் கார்த்திகேசன் மின்வாரியத்தில் இருந்தார். அவர்தான் ரயில் ஏற்றிவிட்டார். ஒன்றரை வருடம் ஜப்பானில், ஒகயாமா நகரத்தில்.

அங்கே ஓர் ஆரம்பப் பள்ளியில் அவர் பார்த்த காட்சிதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு. பாட்டு தொடங்கிய நொடியில் பிள்ளைகள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டார்கள். ஈரத்துணியைத் தரையில் வைத்து, அதன்மேல் இரு கையையும் ஊன்றி, குனிந்தபடியே வராந்தா முழுக்க ஓடித் துடைத்தார்கள். கழிப்பறையிலும் பிள்ளைகள். அவர்களோடு, காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் தலைமை ஆசிரியர்! அங்கே ஆசிரியையாக இருந்த மொரிஷிதா என்ற பெண், சித்ரலேகா கையிலும் ஒரு துணியைக் கொடுத்தார். முப்பத்தாறு வயது வரைக்கும் தன் வீட்டுக் கழிப்பறையை ஒருநாள்கூடக் கழுவியிராத சித்ரலேகா, அன்றைக்கு முட்டி போட்டுத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்ததாம். இதை எப்படியாவது ஊருக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் கல்லூரியில் மாலை நேர ஜப்பானிய வகுப்பு தொடங்கினார். முதல் வருடம் பதினோரு பேர். மில் பொறியாளர்கள் இரண்டு பேர், ஓய்வு பெற்ற ஒரு தாசில்தார், ஓர் எல்.ஐ.சி. முகவர் என்று கலவையான கூட்டம். பாடத்தாள்களைக் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த காஜா முகைதீனிடம்தான் பிரதி எடுப்பார்.

"மேடம், ஒரு அம்புக்குறி போட்டுக் குடுங்க. எப்பிடித் திருப்பி வச்சாலும் தலைகீழா வச்ச மாதிரியே இருக்கு. எது மேப்பக்கம்னே தெரிய மாட்டேங்கு" என்பாராம் அவர்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார் மேடம். 1993-க்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கல்லூரியோடு ஒரு மாதிரிப் பள்ளி இருந்தது. பி.எட். மாணவர்கள் பாடம் நடத்திப் பழகும் இடம். அந்த வருடம் ஜூன் மாதம், பள்ளியைப் பிள்ளைகளே சுத்தம் செய்யும் திட்டத்தை சித்ரலேகா அங்கே தொடங்கினார். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, தினமும் இருபது நிமிடம். ஆசிரியர்களும் சேர்ந்து செய்ய வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த தாளைத் தலைமை ஆசிரியர் ஆவுடைநாயகம் படித்துப் பார்த்தார்.

"எல்லாம் சரி மேடம். வாத்தியாருமார் பேரை மட்டும் எடுத்துருங்க. அவங்க துடைப்பத்தைப் பிடிச்சா மறுநாளே சங்கத்துலேந்து கொடி பிடிச்சுக்கிட்டு வந்துருவாங்க."

"சார், அதுதான் இதுல முக்கியமே."

"பைய சேத்துக்கிடலாம். மொதல்ல ஆரம்பிப்போம்லா."

ஆரம்பித்தால் போதும் என்றிருந்தது சித்ரலேகாவுக்கு. ஆசிரியர்கள் பெயரை அடித்துவிட்டார். எந்தப் பிள்ளை எந்த வேலை செய்வது என்ற பட்டியலை அந்தந்த வகுப்பாசிரியர் போட்டுக்கொள்ளலாம் என்பதற்கும் தலையாட்டினார்.

மூன்று மாதத்தில் பள்ளி பளிச்சென்று ஆகிவிட்டது. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்து பாராட்டினார்கள். சித்ரலேகா கட்டுரை எழுதி, ஒகயாமாவில் மொரிஷிதாவுக்கு அனுப்பினார். மொரிஷிதா இதற்குள் தலைமை ஆசிரியை ஆகியிருந்தார். நான்கு ஆசிரியர்களோடு பிப்ரவரியில் நேரில் பார்க்க வருவதாக எழுதினார். அதோடு இன்னொரு செய்தியும் இருந்தது. எல்லாம் நன்றாக அமைந்தால், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சித்ரலேகாவுக்கு ஒரு வருடம் வருகைதரு பேராசிரியர் பணிக்கு ஏற்பாடு செய்யலாம்! திருநெல்வேலியிலிருந்து அப்படி யார் போயிருக்கிறார்கள்? கடிதத்தை நாலு தடவை படித்தார்.

அந்த நவம்பரில், எட்டாம் வகுப்புப் பட்டியல் தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. கழிப்பறை என்ற தலைப்பின் கீழ் நான்கு பெயர்கள். முந்தைய வாரத் தாளைப் புரட்டினார். அதே நான்கு பெயர்கள். அதற்கு முந்தைய வாரமும் அதே. வகுப்பாசிரியை பிருந்தாவைக் கூப்பிட்டுக் கேட்டார். பிருந்தா கெட்டவர் இல்லை. கேள்வியே புரியாமல்தான் பதில் சொன்னார்.

"ஆதிதிராவிடர் ஸ்காலர்ஷிப் லிஸ்ட் கையில இருந்துச்சு மேடம். நாலு பேரு கரெக்டா இருந்தாங்க. அதையே எடுத்து எழுதிட்டேன். மத்த பிள்ளைங்க வீட்டுல சண்டைக்கு வந்துருவாங்கள்லா? இவங்க வீட்டுல யாரும் வரலை."

சித்ரலேகா அந்தத் தாளைக் கையிலேயே எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஏழாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் போய்ப் பார்த்தார். அங்கேயும் அதே கதைதான். ஜப்பானிலிருந்து அவ்வளவு ஆசையாகத் தூக்கிவந்த ஒன்று, இங்கே வந்து இறங்கியதும் ஊர் போட்டு வைத்திருந்த பழைய தடத்தில் தானாக ஓட ஆரம்பித்திருந்தது. உடனே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் ஆவுடைநாயகத்தோடு சண்டை, பெற்றோர் கூட்டம், பேச்சு. பிப்ரவரியில் வருகிறவர்களிடம் என்ன காட்டுவது? அவர்கள் வந்து போன பிறகு சரிசெய்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"தெரியாமச் செஞ்சேன்னு சொல்லிக்கிட முடியாது பாத்துக்கிடுங்க. மூணு மாசம் தெரிஞ்சே இருந்தேன்" என்றார் என்னிடம்.

அதே சமயத்தில், விருந்தினர்களை வரவேற்பதற்காக இருபது பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் கொஞ்சம் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் கெட்டிக்காரி எட்டாம் வகுப்புக் கலையரசி. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பாலத்தைத் தாண்டி நடந்து வருவாள். அப்பா இல்லை. அம்மா அன்னத்தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். ஒருமுறை காதில் விழுந்த சொல்லைக் கலையரசி மறக்க மாட்டாள். 'மின்னா' என்றால் எல்லோரும் என்று சொல்லிக்கொடுத்த அன்று, வகுப்பைச் சுற்றிக் கையைக் காட்டி, "மின்னா... கண்ணாடி போட்ட இவனையும் சேத்து மின்னா" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தவள் அவள். கழிப்பறைப் பட்டியலில் இருந்த நாலு பெயரில் முதல் பெயரும் அவளுடையதுதான். அது சித்ரலேகாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சனிக்கிழமைகளில் அவளுக்கு நன்று போட்டுக்கொண்டிருந்தார்.

1994 பிப்ரவரியில் அவர்கள் வந்தார்கள். மாலை, சந்தனம், வரவேற்புப் பாட்டு. ஐந்து பேருக்கும் சித்ரலேகாதான் மொழிபெயர்ப்பாளர். இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் அவர்தானே! வகுப்பறை, வராந்தா, தோட்டம் எல்லாம் பார்த்துவிட்டு, மொரிஷிதா நேரே கழிப்பறைப் பக்கம் நடந்தார். ஆவுடைநாயகம் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. குழாயடியில் வாளியோடு கலையரசி நின்றுகொண்டிருந்தாள். மொரிஷிதா அவள் உயரத்துக்கு உட்கார்ந்து, இங்கே நீ என்ன செய்கிறாய், உன் முறை எப்போதெல்லாம் வரும் என்று கேட்டார். சித்ரலேகா தமிழில் சொன்னார்.

"முறையெல்லாம் கெடையாது டீச்சர். தெனமும் நாங்கதான் கழுவுதோம். நாலு பேரு. லிஸ்ட்டுல எங்க பேருதான் இருக்கு" என்றாள் கலையரசி.

"மேடம், பாத்து" என்றார் ஆவுடைநாயகம், சிரித்த முகம் மாறாமல்.

மொரிஷிதா நிமிர்ந்து சித்ரலேகாவைப் பார்த்தார். காத்திருந்தார். இரண்டு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். சித்ரலேகா ஜப்பானிய மொழியில் சொன்னார், எல்லோரும் மாறி மாறிச் செய்கிறார்கள், இந்த வாரம் இவளுடைய முறை என்று. அதில் எல்லோரும் என்பதற்கு அந்தச் சொல்தான் வரும். வந்தது.

கலையரசி தலையைத் தூக்கினாள்.

"டீச்சர், நான் மின்னான்னு சொல்லலையே."

மெதுவாகத்தான் சொன்னாள். அவ்வளவு தமிழுக்கு நடுவில் தனக்குத் தெரிந்த ஒரு சொல் கேட்டதும் மொரிஷிதாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "ஆமாம், மின்னா!" என்று சிரித்து, அவள் தோளில் கைவைத்து, ஒரு படம் எடுத்துக்கொண்டார். அங்கே நின்ற கூட்டத்தில் நடந்தது என்னவென்று முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பேராசிரியை. இன்னொருத்தி பதின்மூன்று வயதுப் பிள்ளை.

மறுநாள் கலையரசி பள்ளிக்கு வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது வாரம்தான் சித்ரலேகா தேடிக்கொண்டு போனார். டவுண் பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையில் நடந்து அந்தத் தெருவுக்குப் போனபோது, அன்னத்தாய் வயல்வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிவந்து போட்டார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"பிள்ளை ஏன் வரலைன்னு கேக்க வந்தேன்" என்றார் சித்ரலேகா.

"எங்க தெருவுல கக்கூஸே கெடையாது டீச்சரம்மா. ஆத்தங்கரைக்குத்தான் போறோம். எம்மவ உங்க பள்ளிக்கூடத்துக்கு வந்துதான் கக்கூஸையே பாத்தா. பாத்ததும் கழுவவும் வச்சிட்டீய. எட்டு மாசமா எங்கிட்ட மூச்சு விடலியே இவ. சொன்னா படிப்ப நிறுத்திருவேன்னு பயம். இப்ப அவளே நின்னுட்டா."

கலையரசி கதவில் சாய்ந்து நின்றாள்.

"பட்டியலை நான் மாத்திடுதேன். நீ வா. நாளைக்கே வா" என்றார் சித்ரலேகா அவளிடம்.

"பட்டியலை மாத்துங்க, மாத்தாட்டிப் போங்க டீச்சர். அந்தச் சப்பான் அம்மா எங்கிட்டதான கேட்டாங்க? நான் சொன்னத அவங்கட்டச் சொல்லுங்க. அதுக்கப்புறம் பாப்போம்."

"ஏட்டி, டீச்சர்ட்ட அப்பிடியா பேசுவ?" என்று அதட்டினார் அன்னத்தாய். அதட்டலில் வேகம் இல்லை.

சரி என்று சொல்லிவிட்டு வந்தார் சித்ரலேகா. எழுத உட்கார்ந்தார். எழுதவில்லை. தேர்வுத்தாள் திருத்த வேண்டும், எம்.எட். ஆய்வேடு பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. மார்ச் கடைசியில் ஒகயாமாவிலிருந்து கனமான ஓர் உறை வந்தது. பல்கலைக்கழகத்தின் அழைப்புக் கடிதம்! அக்டோபரில் சேர வேண்டும். கூடவே, மொரிஷிதா ஆசிரியர்களுக்கான ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரை. அதில் வாளியோடு கலையரசியின் படம். கீழே, இந்தப் பள்ளியில் எல்லோரும் மாறி மாறிக் கழிப்பறையைச் சுத்தம் செய்கிறார்கள் என்ற வரி. சித்ரலேகா வாயிலிருந்து வந்த அதே வாக்கியம், அச்சில்.

கார்த்திகேசனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சொன்னா அக்டோபர்ல போக முடியாது. சொல்லாட்டிப் போலாம். அவ்வளவுதான விஷயம்?"

"அவ்வளவுதானா இது?"

"நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு. நம்ம வீட்டுப் பின்வாசல் வழியா ஒரு அம்மா பதினாலு வருஷமா வந்து கழுவிட்டுப் போறாங்களே, அவங்க பேரு என்ன?"

சித்ரலேகாவுக்குத் தெரியவில்லை.

"எனக்கும் தெரியாது. நானும் இப்பதான் யோசிக்கேன்" என்றார் கார்த்திகேசன். பிறகு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் உட்கார்ந்து, ஒரே மூச்சில் மூன்று பக்கம் எழுதினார் சித்ரலேகா. தபாலில் போடவில்லை. அதை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனார். கலையரசியை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாக ஜப்பானிய மொழியில் வாசித்து, தமிழில் சொன்னார். குழாயடியில் நடந்தது, அவள் சொன்ன பதில், தான் மாற்றிச் சொன்னது, யார் பெயரையெல்லாம் எப்படிப் பொறுக்கிப் பட்டியல் போட்டார்கள் என்பது. கலையரசி குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"‘ஆசிரியர்கள் பட்டியலைத் தவறாகப் போட்டுவிட்டார்கள்’னு இருக்கு. நீங்க அந்த லிஸ்ட்டப் பாக்கவே இல்லையா டீச்சர்?"

"பாத்தேன்."

"எப்பம்?"

"நவம்பர்ல."

"அப்பம் அதையும் எழுதுங்க."

அங்கேயே, அவள் கொடுத்த பேனாவை வாங்கி, ஓரத்தில் எழுதினார் சித்ரலேகா. நவம்பரில் நானும் பார்த்தேன், பார்த்தும் பேசாமல் இருந்தேன், நீங்கள் வருகிறீர்கள் என்பதற்காக. இதைச் சொல்லும்போது மேடம் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

கடிதம் போனது. இரண்டு மாதம் கழித்து மொரிஷிதாவின் பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, கலையரசி சொன்ன பதில் அடுத்த இதழில் அவள் சொன்னபடியே திருத்தி வரும். தான் கேட்டதை அந்தக் குழந்தையிடம் வேறு வழியில் சரிபார்க்காதது தன் தவறும்தான், அவளிடம் தன் வருத்தத்தைச் சொல்லுங்கள். பல்கலைக்கழக அழைப்பு இப்போதைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. அந்த இப்போதைக்கு முடியவே இல்லை. சித்ரலேகா மறுபடி ஜப்பானுக்குப் போகவில்லை.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளியில் புதுப் பட்டியல் போட்டு, அதில் முதல் பெயராகத் தன் பெயரை எழுதிக்கொண்டு போய் நின்றார் சித்ரலேகா. இரண்டு நாள் அவரே கழுவினார். மூன்றாம் நாள் பெற்றோர்கள் கூட்டமாக வந்து சத்தம் போட்டார்கள்.

"எம்மா, தாயே, எனக்குச் சுத்தம் வேண்டாம், நிம்மதி போதும்" என்று ஆவுடைநாயகம் திட்டத்தையே நிறுத்திவிட்டார். கழிப்பறை கழுவ ஆள் போட்டார்கள். வந்தவர், அன்னத்தாய் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தவர்.

கலையரசி திரும்பி வரவில்லை. ஜூன் மாதம் அக்கரையிலேயே ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தாள். கடிதம் போன பிறகு அவள் சனிக்கிழமை வகுப்புக்காவது வருவாள் என்று சித்ரலேகா எதிர்பார்த்தார். வரவில்லை. மொரிஷிதாவின் கடிதத்தை எடுத்துப்போய்ப் படித்துக் காட்டியபோது மட்டும், "அந்த அம்மா வருத்தம்னு சொன்னதுக்கு என்ன வார்த்தை?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். பத்தாவதும் பன்னிரண்டாவதும் நல்ல மதிப்பெண். பிறகு மதுரைப் பக்கம் செவிலியர் படிப்புக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டாராம். அதற்கு மேல் விசாரிக்கத் தனக்கு என்ன உரிமை என்று விட்டுவிட்டார்.

பேராசிரியையாக அதற்குப் பின் எத்தனையோ வருடங்கள். ஜப்பானிய வகுப்பில் படித்து அங்கேயே வேலைக்குப் போனவர்கள் பலர். ஆனால் 1994-க்குப் பிறகு, ஒவ்வொரு ஜூலையிலும் ஒப்பீட்டுக் கல்வியின் முதல் வகுப்பில், இந்தக் கதையைத் தன் பெயரோடும் தேதியோடும், தப்பைத் தன்மேல் வைத்தே சொல்லியிருக்கிறார். வேறு நாட்டு வழக்கத்தைக் கொண்டுவருகிறவர், அது இங்கே யார் தலையில் போய் விழுகிறது என்று தினமும் பார்க்க வேண்டும் என்பார். முதல் தடவை சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, "இவ்வளவு தெரிஞ்சும் மூணு மாசம் சும்மாவா மேடம் இருந்தீய?" என்று கேட்டானாம். "ஆமா" என்று சொல்லிவிட்டு, அவனை உட்காரச் சொல்லாமல் பாடத்தைத் தொடர்ந்தாராம். அவன் மணியடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டான்.

கிளம்பும்போது நான் கேட்டுவிட்டேன். அந்தப் பெண் உங்களை மன்னித்துவிட்டாளா?

"நான் மன்னிப்புன்னு வாய் தொறந்து கேக்கவே இல்லை" என்றார் மேடம். "கேட்டா அவ ‘சரி டீச்சர்’னு சொல்ல வேண்டியதாப் போயிரும்லா? நான் டீச்சரு, அவ பிள்ள. வேற என்ன சொல்லுவா? அதையும் அவ தலையில கட்டணுமா?"

படியிறங்கி வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றே இதை எழுதுகிறேன். பி.எட். படிக்கிற, பாடம் நடத்துகிற, பள்ளி நடத்துகிற யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து அவர்களுக்கு இதை அனுப்புங்கள். அப்புறம், நாளைக்கே உங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய், அங்கே கழிப்பறையைக் கழுவுகிறவர் யார், அவர் பெயர் என்ன என்று கேட்டுவிட்டு வாருங்கள்.